பன்னிரண்டாவது கருத்து

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று போன்கள் இருந்தன. மூன்றும் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று அப்பாவுடையது, ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது. அம்மாவிடம் போன் இல்லை. "எனக்கு எதுக்கு அந்தத் தொல்லை" என்று வாங்கவே விடாதவள்.

ஒரு மாதத்துக்கு முன்பு வரை நாங்களும் எல்லாரையும் போலப் போனை நிமிர்த்தி வைக்கிறவர்களாகத்தான் இருந்தோம்.

அக்கா நகராட்சியின் தகவல் பிரிவில் ஒப்பந்த ஊழியர். நகராட்சியின் இணையப் பக்கத்தில் அறிவிப்புகளைப் போடுவதும், அவற்றின் கீழே மக்கள் எழுதும் கருத்துகளுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை. அப்பா அதே நகராட்சியில் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்பு, 'கிழக்குத் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது' என்று படத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. 'சொட்டுக் குழாய்' என்ற பெயரில் யாரோ அதன் கீழே எழுதினார்கள்: 'பொய். கழுவவில்லை.'

அதோடு விடவில்லை. கழுவும் ஆட்கள் எந்தத் தேதியில் வராமல் போனார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று மூன்று வாரத்தில் பன்னிரண்டு முறை எழுதியாகிவிட்டது. எல்லாமே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியக்கூடிய விவரங்கள்.

போன வாரம் அக்காவின் பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பார் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பென்சில்தான். "உன் வீட்டுல தண்ணி ஆளு ஒருத்தர் இருக்காரு. பக்கத்தைப் பாக்குற ஆளு ஒருத்தி இருக்கா. நான் என்ன நினைக்கணும்னு நீயே சொல்லு" என்று கேட்டார். அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா, அனுப்புவதா என்பதை இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சொல்வதாக இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

அப்பாவின் போன் ஒரு முறை அதிர்ந்தது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, போன் அடிக்குது" என்றாள் அக்கா, தலை வாரிக்கொண்டே.

"விளம்பரமா இருக்கும்."

"பாக்காமலே தெரியுதா?"

"ஏம்மா, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?"

அப்பா போனைத் திருப்பாமலே எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலில் சாய்த்து வைத்திருந்த நீள இரும்பு வால்வுச் சாவியைச் சைக்கிளில் கட்டினார். அவர் குனிந்தபோது பேண்ட்டின் இரண்டு முட்டியிலும் ஒட்டுத் துணி தெரிந்தது. இடது முட்டியில் ஒட்டின் மேல் ஒட்டு.

அம்மா ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைகளுக்கு இது பருவம். அவளுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நீலத் துணி குவிந்து கிடந்தது.

"என்னங்க, அந்த முட்டிக்கு மூணாவது ஒட்டு போட என்கிட்ட துணி இல்லை. ஏறும்போது பாத்து ஏறுங்க."

"நானா வேணும்னு கிழிக்கிறேன்? அங்க..." என்று ஆரம்பித்த அப்பா, அக்காவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் நிறுத்திக்கொண்டதை அக்காவும் கவனித்தாள். நான் கவனித்ததை அவள் கவனித்தாள்.

"சின்னவளே" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. "கடையில பழைய சார்ஜர் வயர் கிடந்தா ஒண்ணு எடுத்துட்டு வா. மெஷின் விளக்குக்கு."

"போன வாரம்தானே ஒண்ணு குடுத்தேன்?"

"அது சூடாகுது. வேற குடு."

என் பையில் ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள். "நாலு மணிக்குக் கூப்பிடுவாரு. நாலே காலுக்குள்ள நான் போன் பண்ணலைன்னா, உன் ஜெராக்ஸ் கடையில எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வை."

சிரிப்பாகத்தான் சொன்னாள். சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு தெருவரைக்கும் போய்விட்டு, எடுத்து வைக்கத் திரும்பி வந்தாள்.

*

நான் பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மாலையில் புள்ளியியல் வகுப்பு. வகுப்பில் ஆளுக்கு ஒரு செய்முறை வேலை கொடுத்திருந்தார்கள். நான் நகராட்சிப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அக்கா வேலை என்பதால் எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். மூன்று முறை எண்ணினேன். இரண்டாவது முறை மட்டும் நானூற்றுப் பதினொன்று வந்தது. கேள்வி, புகார், திட்டு, பாராட்டு, எதிலும் சேராதவை என்று ஐந்தாகப் பிரித்தேன். ஒருவர் எந்த அறிவிப்பு வந்தாலும் 'எங்கள் தெரு விளக்கு என்ன ஆயிற்று?' என்று மட்டும் கேட்பார். ஓய்வுபெற்ற ஊழியர் இறந்த செய்தியின் கீழும் அதையே கேட்டிருந்தார். அதைக் கேள்வியில் சேர்ப்பதா, புகாரில் சேர்ப்பதா என்று எனக்கு இரண்டு நாள் யோசனை. மெத்தை விற்கிறவர் ஒருவர் இருந்தார். 'பச்சைக் குடை' என்ற பெயரில் ஒருவர், எது வந்தாலும் 'அருமை' என்று எழுதுவார். பாராட்டு மொத்தம் முப்பத்தொன்று. அதில் இருபத்தொன்பது அவருடையது.

ஒவ்வொரு கருத்தும் வந்த நேரம், அதற்கு நகராட்சி பதில் சொன்ன நேரம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருந்தேன். புதன்கிழமை வகுப்பில் சாரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் கூட்டமில்லாத நேரத்தில் என் பிரதியை விரித்தேன். எனக்கு அப்பாவின் மேல்தான் சந்தேகம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் வால்வு திறக்கும் நேரம். போன் சைக்கிள் பெட்டியில் இருக்கும். சொட்டுக் குழாய் எழுதிய நேரங்கள் அதற்குள் விழுந்தால், அவர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் பார்த்தேன்.

சில நேரங்கள் விழுந்தன, சில விழவில்லை. ஒன்றும் தெளிவாகவில்லை. அப்போதுதான் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது.

பதில் சொன்ன நேரத்திலிருந்து கருத்து வந்த நேரத்தைக் கழித்தேன். மூன்று நிமிடம். அடுத்தது, இரண்டு நிமிடம். அடுத்தது இரண்டு. நான்கு. மூன்று.

மற்றவர்களுக்குக் கழித்துப் பார்த்தேன். ஐந்து மணி நேரம். ஏழு மணி நேரம். தெரு விளக்குக்காரருக்கு ஒன்றரை நாள். சராசரி எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மற்றவர்களை நகராட்சி மணிக்கணக்கில் காக்க வைக்கிறது. சொட்டுக் குழாய்க்கு மட்டும், எழுதிய மை காய்வதற்குள் சொல்லிவிடுகிறது.

"பாப்பா" என்றார் எதிரே நின்றவர். "முன்னும் பின்னும் எடுக்கச் சொன்னேன். நீ முன்பக்கத்தையே ரெண்டு தடவை எடுத்துக் குடுத்திருக்க."

மன்னிப்புக் கேட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன். கழித்தலில் தப்பு இருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டேன். பதினொரு கருத்துக்கு நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. கடைசியாக வந்த பன்னிரண்டாவதுக்கு மட்டும் ஆறு மணி நேரம் பத்து நிமிடம். அந்த ஒன்று ஏன் அப்படி என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

கேள்வி எழுதுகிறவரும் பதில் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இப்படி வரும்.

*

மதியம் அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். பின்பக்கப் படிக்கட்டில், உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கும் இடத்தில்தான் அவள் சாப்பிடுவாள். டிபன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, சொட்டுக் குழாய் நீதானா?"

அவள் டப்பாவை மூடினாள். "மெதுவாப் பேசு."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். மறுக்கவில்லை.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"ஊரையே ஆறு மணி நேரம் காக்க வைக்கிற. அந்த ஆளுக்கு மட்டும் ரெண்டு நிமிஷத்துல பதில் போடுற."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பதில் போட்டாத்தான் அது புகார்னு பதிவாகும். மறந்துடப் போறேன்னு கையோட போட்டேன். அவசரக்குடுக்கைன்னு அம்மா திட்டுறது சரிதான்."

"ஏங்க்கா இப்படிப் பண்ணே?"

சிரிப்பு நின்றது.

"அந்தப் படம் போன வருஷத்துப் படம். என்கிட்ட குடுத்து, இந்த மாசத் தேதி போடுன்னாங்க. தொட்டி கழுவலைன்னு குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒண்ணு இல்ல, மூணு. மூணும் பென்சில் மேசையில தண்ணி டம்ளருக்கு அடியில கிடக்கு. ஈரம் படாம இருக்க வச்சிருக்காரு."

"அதுக்கு?"

"நூறு லைக் தாண்டின புகாரை, வெள்ளிக்கிழமை ஆணையருக்குப் போற தாள்ல சேர்த்தே ஆகணும். அது விதி. அதை மட்டும் யாரும் டம்ளருக்கு அடியில வைக்க முடியாது. உள்ள இருந்து நான் சொன்னா யாருக்கும் காது கேக்கல. அதான் வெளியில போய் நின்னு கத்தினேன்."

"நூறு தாண்டிச்சா?"

"பன்னிரண்டாவது தாண்டிச்சு. முன்னூத்திச் சொச்சம். இன்னைக்குத் தாள்ல ஏத்தியாச்சு."

அந்தப் பன்னிரண்டாவதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். 'படத்தில் தொட்டிக்கு ஏணி இருக்கிறது. அந்த ஏணி நாலு மாதம் முன்பே கழன்று விழுந்துவிட்டது. இப்போது கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். இல்லாத ஏணி படத்தில் எப்படி வந்தது?'

"நல்லா எழுதியிருந்தே" என்றேன்.

"அது நான் எழுதலடி."

படிக்கட்டுக்கு மேலே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏணி விழுந்ததே எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "சாயங்காலம் பாக்கிறேன், என் பேர்ல இது நிக்குது. சத்தம் போடாம மத்தவங்களுக்குப் போடுற பதிலையே போட்டுட்டேன். அப்பாவாத்தான் இருக்கும். வேற யாருக்குத் தெரியும்? ஆனா அந்தக் கணக்குக்குள்ள அவர் எப்படி வந்தாருன்னுதான் புரியல."

"எந்த போன்ல ஆரம்பிச்சே?"

"நம்ம பழைய போன்ல. திரை விரிஞ்சதே, அது. அப்புறம் என் போனுக்கு மாத்திக்கிட்டேன். அந்தப் பழசு அலமாரியில செத்துக் கிடக்கு." சட்டென்று என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "இதை யார்கிட்டயாவது காட்டினியா?"

வகுப்பு சாருக்குப் போன் போட்டேன்.

"உன்னையே நினைச்சேன்மா" என்றார் சார் உற்சாகமாக. "உன் அட்டவணையைக் காலையிலேயே நகராட்சிக்கு அனுப்பிட்டேன். தகவல் பிரிவுத் தலைவர் பேருக்கே. நம்ம பிள்ளைங்க எவ்வளவு சுத்தமா வேலை செய்யறாங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

நன்றி சொல்லி வைத்தேன். சார் சொன்னதை அக்காவிடம் சொன்னேன்.

அக்கா தன் போனை எடுத்து, அதிலிருந்து சொட்டுக் குழாய் கணக்கை நீக்கினாள். டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

"கணக்குப்பிள்ளை" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னைக் கேலி செய்யும் பெயர் அது. "ரொம்ப நல்லா எண்ணிட்டடி."

*

நாலே காலுக்குப் போன் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. ஐந்து மணிக்குக் கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கும் போகாமல் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா மெஷினில் இருந்தாள். அப்பா திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான். சாப்பாடு, தையல், சண்டை எல்லாம் அங்கேதான்.

ஆறரைக்கு அக்கா வந்தாள். பையை மேசையில் வைத்தாள். போனைப் பக்கத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க எங்களுக்குப் பயம்.

"ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு" என்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"அட்டவணை?" என்றேன் நான்.

"அவர் மேசையிலதான் இருந்துச்சு. காதுல இருந்து பென்சிலை எடுத்தாரு. ஒவ்வொரு வரியாக் கழிச்சாரு. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். பன்னிரண்டாவதுக்கு வந்து நின்னுட்டாரு. செவ்வாய்க்கிழமை, பதினொண்ணு இருபத்தஞ்சு. அன்னைக்குப் பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும் கூட்டம். கூட்டத்துல யாரும் போன் நோண்டக் கூடாதுன்னு அவரே எல்லார் போனையும் தட்டுல வாங்கி வச்சிருந்தாரு. 'அந்த நேரம் நீ என் எதிர்ல இருந்த, உன் போன் என்கிட்ட இருந்துச்சு, அப்ப நீ இல்ல'ன்னு அவரே சொல்லிட்டாரு."

"ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டதுக்கு என்ன சொன்னாரு?"

"அதைக் கேளு. 'இவ்வளவு தொல்லை குடுக்கிற ஆளுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லியிருக்கே, உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் வேணும்'னு பாராட்டினாரு. கோப்புலயும் எழுதிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பதினொன்றையும் எழுதியது அக்காதான் என்பதை அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். கேட்டு முடிக்கும்வரை முட்டியின் ஒட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா சிரிக்கவில்லை.

"அப்பா, இன்னும் முடியல. 'ஏணி விழுந்தது, மேல ஏறுறவனுக்குத்தான் தெரியும்'னு சொல்றாரு. வால்வு ஆளுங்க எல்லாரையும் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. எடுத்த உடனே எழுதின பேரு உங்க பேருதான்."

அக்காவைக் காப்பாற்றிய அதே வரி, அப்பாவைக் காட்டிக்கொடுத்திருந்தது. அந்த வரியை நேரம் உட்பட எழுதி வைத்தவள் நான்.

"நான் எழுதலையே" என்றார் அப்பா.

"எங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லுங்கப்பா."

"எழுதலைங்கிறேன்ல!"

"அப்ப ஏன் போனைக் கவிழ்த்து வைக்கிறீங்க? அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கிறீங்க. நான் பாத்தா பையில ஒளிக்கிறீங்க."

அப்பா எங்களைப் பார்க்காமல் போனை எடுத்துத் திறந்து, மேசையில் தள்ளினார். நிமிர்த்தித் தள்ளினார்.

நகராட்சிப் பக்கம் திறந்திருந்தது. மேலே கணக்கின் பெயர்: பச்சைக் குடை.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா" என்றேன். "மாசத்துக்கு முப்பத்தொரு பாராட்டு வருதே. இருபத்தொன்பது அப்பாதான்."

"மீதி ரெண்டு பேர் யாருன்னு தெரிஞ்சா சொல்லு, அவங்களுக்கு நானே நன்றி சொல்றேன்" என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எல்லாரும் வந்து உன்னைத் திட்டிட்டுப் போறாங்க. ஒருத்தனாவது நல்லதாச் சொல்லட்டுமேன்னு பாத்தேன்."

அக்காவின் கண் கலங்கியது. ஆனால் உடனே புருவம் சுருங்கியது. "தொட்டி கழுவினோம்னு போட்டதுக்கும் அருமைன்னு போட்டிருக்கீங்க. கழுவலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"உன் வேலைக்குத்தான் அருமைன்னேன். தொட்டிக்கா சொன்னேன்?"

நான் அந்த இருபத்தொன்பதையும் பாராட்டு என்று எழுதியிருந்தேன். அது சரியான கட்டம்தானா என்று அப்போது சந்தேகம் வந்தது.

"அப்ப ஏணி விஷயத்தை யார்கிட்டப்பா சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"யார்கிட்டயும் சொல்லல. வெளியில சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஒவ்வொரு தடவை கயித்துல ஏறும்போதும் முட்டி சுவத்துல உரசிக் கிழியுது, அதைக்கூட வாயைத் திறந்து..." அப்பா பாதியில் நிறுத்தினார்.

அவர் எங்கே நிறுத்தினார் என்பதை நான் கவனித்தேன். வேண்டுமென்று கவனிக்கவில்லை, இந்த ஒரு மாதத்தில் பழகிவிட்டது. முட்டி கிழிந்த பேண்ட்டை அவர் யாரிடம் கொடுப்பார்?

"சரி" என்றாள் அக்கா, பெருமூச்சுவிட்டு. "ஏழு மணிக்குள்ள சொட்டுக் குழாய்க்கு ஒரு பதில் போடச் சொல்லியிருக்காரு. பென்சிலே எழுதிக் குடுத்தது." தன் போனை எடுத்துப் படித்தாள். "'தகவலுக்கு நன்றி. ஏணி பற்றிய விவரத்தை நேரில் வந்து தெரிவித்தால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' ஆளைப் பிடிக்கப் பொறி வைக்கிறாரு. போடலைன்னா நாளைக்கு என்னைக் கேப்பாரு."

"போடும்மா" என்றார் அப்பா. "நான் எழுதல. எனக்கென்ன பயம்."

அக்கா அனுப்பினாள்.

மேசையில் மூன்று போன்கள். அப்பாவுடையது நிமிர்ந்து கிடந்தது. என்னுடையது பக்கத்தில். அக்காவுடையது அவள் கையில். மூன்றும் சும்மா இருந்தன.

ஜன்னல் பக்கம், நீலத் துணிக் குவியலுக்குள்ளிருந்து ஓர் அதிர்வு. சின்னதுதான். இரண்டு தடவை.

அக்கா தலை நிமிர்வதற்குள் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அம்மா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சத்தம்மா அது?" என்றாள் அக்கா.

"மெஷின்தான். எண்ணெய் விடணும். பெரியவளே, கை கழுவிட்டுச் சாப்பிட வா. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டே."

அக்கா எழுந்து உள்ளே போனாள். அப்பா போனை மறுபடி கவிழ்த்தார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மாவைப் பார்த்தேன். காலையில் நான் கொடுத்த வயர் சுவரில் செருகியிருந்தது. மெஷின் விளக்குப் பக்கமே அது போகவில்லை. தரையோடு வந்து, துணிக் குவியலுக்கு அடியில் நுழைந்திருந்தது.

மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் துணி இல்லை.